மாண்டவர் வாயில் வைக்கும் சொல்

மாண்டவர்கள் மறுமொழி கூறுவதில்லை என்பதை மனித அறிவு என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. மனித நெஞ்சம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நெஞ்சம் ஒப்பாத இந்த ஒன்றுக்கு, ஒவ்வொரு காலத்திலும் ஒரு புதிய கருவி துணைக்கு வந்து நிற்கிறது. நம் காலத்தில் வந்து நிற்பது ஒலிப்பதிவுக் கருவி. பாழடைந்த மாளிகையிலோ கைவிடப்பட்ட சிறைக்கூடத்திலோ நள்ளிரவில் அதை வைத்து, "இங்கே யாரேனும் இருக்கிறீர்களா?" என்று இருட்டை நோக்கிக் கேட்பார்கள். சற்று நேரம் வாளாவிருப்பார்கள். பின்னர், பதிவான மௌனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் செவி சாய்ப்பார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சொல்லோ அரைச் சொல்லோ எழும். அதை ஆவியின் குரல் என்பார்கள். மேலை நாடுகளில் இதற்கென்றே சங்கங்கள் உண்டு. தொலைக்காட்சித் தொடர்கள் உண்டு. கைப்பேசியில் இதற்கான செயலிகளும் கிடைக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "அத்தா, இது மெய்யா?" என்று கேட்கிறார்கள்.

"பொய்" என்று ஒரே சொல்லில் பிள்ளையின் வாயை அடைத்துவிடலாம். ஆயினும் விஷயம் அத்துணை எளிதாகத் தீர்ந்துவிடாது என்பது நம் எண்ணம். இத்துறையில் இறங்கியவர்களுள் ஏமாற்றுக்காரர்கள் சிலர் இருந்ததுண்டு. அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பொய் சொல்வது தவறென்பதை நிறுவ ஒரு கட்டுரை தேவையில்லை. ஆனால் மற்றையோர் பலர் நேர்மையானவர்கள், கற்றவர்கள், தாம் கேட்டதாகக் கூறியதை உள்ளபடியே நம்பியவர்கள். நேர்மையான ஒருவர், தம் செவியில் விழுந்ததாக உறுதியாக நம்பும் ஒரு சொல்லை, மாண்ட ஒருவரின் சொல் என்று உலகுக்கு அறிவித்தால், அவர்மீது குற்றம் உண்டா, இல்லையா? நாம் ஆராய விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ஸ்வீடன் நாட்டில் ஃபிரீட்ரிஷ் யூர்கன்சன் என்றோர் ஓவியர் இருந்தார். 1903ல் ஒடெசா நகரில் பிறந்தவர், பாடகர், பல மொழிகள் அறிந்தவர், போப்பாண்டவரின் உருவத்தைத் தீட்டியவர். 1959 ஜூன் மாதத்தில், மோல்ன்போ என்னும் சிற்றூரில் இருந்த தம் வீட்டில், பறவைகளின் பாட்டை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். நாடாவை ஓடவிட்டபோது பறவையின் ஒலியோடு ஓர் ஆடவர் குரலும் கேட்டதாம். நார்வே மொழியில், இரவில் பாடும் பறவைகளைப் பற்றி அது பேசிற்றாம். எங்கோ ஒரு வானொலி நிலையத்தின் பேச்சு வழிதவறி நாடாவில் வந்து விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் அவரும் எண்ணினார். அந்த எண்ணத்தோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மேலும் பதிந்தார்; மேலும் கேட்டார். ஒரு நாள், மறைந்துபோன தம் தாய், சிறு வயதில் தம்மை அழைத்த செல்லப் பெயரைச் சொல்லி அழைப்பது போல் அவர் காதில் விழுந்தது. அதன் பிறகு அவருக்கு ஐயம் இருக்கவில்லை. 1964ல் அக்குரல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். யாரோ ஒரு நார்வேக்காரரின் குரலைக் கேட்டபோது அவருடைய அறிவு விழித்திருந்தது. 'வானொலியாக இருக்கலாம்' என்று அது சொல்லிற்று. தாயின் குரல் என்று தோன்றியபோது அதே அறிவு கண் அயர்ந்தது. இரண்டும் ஒரே கருவியில், ஒரே விதமான இரைச்சலில் வந்தவைதாம். இரண்டாவதற்கு மிகுதியான சான்று எதுவும் இல்லை. மிகுதியாக இருந்தது ஏக்கம் மட்டுமே. இதைச் சொல்லும்போது நாம் அவரை எள்ளவில்லை. தாயை இழந்த எவரும் அந்த நாடாவை இன்னொரு முறை ஓடவிட்டிருப்பார்கள்.

யூர்கன்சனின் நூலைப் படித்து அவரைத் தேடி வந்தவர் கான்ஸ்டான்டின் ரவுடிவே. 1909ல் லாட்வியாவில் பிறந்தவர். எழுத்தாளர்; ஸ்பானிய இலக்கியத்தைத் தம் தாய்மொழிக்குக் கொண்டுவந்தவர். இரண்டாம் உலகப் போர் அவரை நாடற்றவராக்கியது. ஸ்வீடனிலும் பின்பு ஜெர்மனியிலும் வாழ்ந்தார். 1960களின் நடுவிலிருந்து தம் எஞ்சிய வாழ்நாளை அவர் இக்குரல்களுக்கே கொடுத்துவிட்டார். பல்லாயிரம் பதிவுகள் செய்தார். 1968ல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல் 1971ல் ஆங்கிலத்திலும் வந்து, இக்குரல்களுக்கு 'ரவுடிவே குரல்கள்' என்ற பெயரையே வாங்கித் தந்தது.

ரவுடிவே குரல்களின் இயல்புகளை அவரே விவரித்திருக்கிறார். அவை விரைந்து பேசும், இலக்கணத்துக்குக் கட்டுப்படா, ஒரே வாக்கியத்தில் பல மொழிகளைக் கலக்கும். ஜெர்மன் சொல் ஒன்று, லாட்வியச் சொல் ஒன்று, ருஷ்யச் சொல் ஒன்று, ஸ்வீடியச் சொல் ஒன்று என்று கோத்தால்தான் ஒரு பொருள் வரும். அவற்றைக் கேட்பதற்குக் காதை நெடுநாள் பழக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இவை ஆவியுலகின் பேச்சு மரபு என்பது அவர் கொண்ட முடிவு. வேறொரு முடிவும் உண்டு. அம்மொழிகள் பெரும்பாலும் அவர் அறிந்த மொழிகள். பொருளற்ற ஓசைத் துணுக்கு ஒன்றைப் பன்மொழி அறிந்த ஒருவர் நூறு முறை கேட்டால், ஏதேனும் ஒரு மொழியில் அது ஏதேனும் ஒரு சொல்லாகத்தான் செய்யும். ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்கு ஒரு கதவு. ஆறு மொழி அறிந்தவருக்கு ஆறு கதவு. தாய்நாட்டை இழந்து அயலூரில் ஓர் அறையில் அமர்ந்திருந்த அம்மனிதர், இரைச்சலுக்குள் லாட்விய மொழி கேட்டதில் நமக்கு வியப்பில்லை. இரக்கமே மிகுகிறது.

கருவியின் தரப்பையும் சொல்லிவிடுவோம். ஒலிப்பதிவுக் கருவிகள் பலவற்றில், ஓசை குறையும்போது ஒலியைத் தானாகவே பெருக்கிக் காட்டும் அமைப்பு உண்டு. அறையில் யாரும் பேசாதபோது அது பின்னணி இரைச்சலையும் தொலைவில் போகும் வண்டியையும் பக்கத்து வீட்டு முணுமுணுப்பையும் தூக்கி முன்னால் வைக்கும். மைக்கின் கம்பி வானொலி அலைகளை வாங்கும் ஏரியலாக வேலை செய்வதும் புதிதன்று. ரவுடிவே கையாண்ட முறைகளுள் ஒன்றில், சிறு கம்பி ஒன்றை டயோடு வழியாக ஒலிப்பதிவுக் கருவியில் இணைப்பார்கள். பழைய தலைமுறையில் கிரிஸ்டல் ரேடியோ செய்து விளையாடிய பையன்களுக்கு இது என்னவென்று உடனே விளங்கும். இது ஒரு கிரிஸ்டல் ரேடியோதான். 2002ல் அமெரிக்கர் ஒருவர் உருவாக்கிய 'ஆவிப் பெட்டி' இன்னும் வெளிப்படையானது: அலைவரிசைகளினூடே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி அது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஓர் அசை, ஒரு சொல் என்று கிழித்துக் கொட்டும். மனிதப் பேச்சின் துணுக்குகளை இடைவிடாமல் கொட்டும் ஒரு பெட்டியிடம் கேள்வி கேட்டால், எப்போதாவது ஒரு துணுக்கு விடைபோல் அமையாமல் போகுமா?

இதைவிட முக்கியமானது செவியின் தரப்பு. செவி, வந்த ஓசையை வந்தபடி உள்ளே அனுப்பும் வாயில்காப்போன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது குறையை நிரப்பிக் கொடுக்கும் எழுத்தர். 1970ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலார் ஒரு சோதனை செய்தார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை அறவே வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டிவைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை, வாக்கியம் முழுமையாகவே இருந்தது என்றனர். இல்லாத ஒலியை அவர்கள் கேட்டார்கள். பொய் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டார்கள். ஒரே சொல்லை இடைவிடாமல் ஓடவிட்டால் அது சிறிது நேரத்தில் வேறு சொல்லாகவும், பின் இன்னொன்றாகவும் மாறிக் கேட்கும் என்பதையும் அவரே முன்னர்க் காட்டியிருந்தார். ஆவி வேட்டையாளர்கள் ஒரு துணுக்கை நாற்பது முறை ஓடவிட்டுக் கேட்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னுமொரு சோதனை, நெதர்லாந்தில் நடந்து 2001ல் வெளியானது. 44 மாணவர்களுக்கு வெறும் இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, இதனுள் புகழ்பெற்ற பாடல் ஒன்று மெல்லியதாகக் கேட்கக்கூடும், கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். பாடல் ஒலிக்கவே இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பொத்தானை அழுத்தினார். 'இருக்கக்கூடும்' என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களிலோ, குரல் என்ன சொல்கிறது என்பதைத் திரையில் எழுத்தாகவே போட்டுவிடுகிறார்கள். படித்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்காமல் இருப்பதுதான் கடினம். பிள்ளைகளுக்கு மெய்யைக் காட்ட விரும்பும் பெற்றோர் அந்த எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்கச் சொன்னாலே போதும். வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு சொற்கள் கிடைக்கும்.

கேம்பிரிட்ஜில் உதவித்தொகை பெற்று 1970 முதல் 1972 வரை ரவுடிவே குரல்களை ஆராய்ந்த டேவிட் எல்லிஸ், 1978ல் வெளியிட்ட நூலில், வானொலித் துணுக்குகள், அருகிலிருந்தோரின் முணுமுணுப்பு, இரைச்சலைத் தவறாகக் கேட்டல் ஆகிய சாதாரணக் காரணங்களே இவற்றுக்குப் பெரும்பாலும் போதும் என்ற முடிவுக்கு வந்தார். கனடாவில் இமாண்ட்ஸ் பாரூஸ் என்ற உளவியல் பேராசிரியர், இக்குரல்களைத் தாமும் பெற முயன்று பல அமர்வுகள் நடத்தி, குறிப்பிடத்தக்க எதுவும் கிடைக்கவில்லை என்று 2001ல் எழுதினார்.

இவ்வளவும் அறிவியல். நம் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்கள் நேர்மையாகத்தானே கேட்டார்கள்? நேர்மையாகத்தானே அறிவித்தார்கள்? பிறகு குற்றம் எங்கே?

இந்தக் கேள்வியை நம் முன்னோர் வேறொரு துறையில் முந்நூறு ஆண்டுக் காலம் அலசியிருக்கிறார்கள். மறைந்த ஒருவர் சொன்னதாக வரும் சொல்லை எப்போது ஏற்பது, எப்போது தள்ளுவது என்பதே ஹதீஸ் கலையின் முழுப் பணி. அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் மறைந்த பின், அவர்கள் பெயரால் ஆயிரமாயிரம் சொற்கள் உலவின. பொய்யர்கள் புனைந்தவை ஒருபுறம். ஆனால் இமாம்களுக்குப் பெருந்தொல்லை தந்தவர்கள் பொய்யர்கள் அல்லர், நல்லவர்கள். வணக்கசாலிகள், வாய்மையாளர்கள், ஊரார் மதித்தவர்கள், ஆனால் கேட்டதைப் பிசகிக் கேட்டவர்கள். பிசகி நினைவு வைத்தவர்கள். ஆகவே அறிஞர் பெருமக்கள் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தனித்தனியே தேடினார்கள். ஒன்று 'அதாலத்', அதாவது ஒழுக்கமும் வாய்மையும். மற்றது 'ளப்து', அதாவது கேட்டதைக் கேட்டபடி பிடித்து, பிடித்தபடி ஒப்புவிக்கும் துல்லியம். முன்னது நிறைந்திருந்து பின்னது இல்லாத பெரியவரின் கையை அவர்கள் மரியாதையோடு பற்றியிருப்பார்கள். அவர் அறிவிப்பை ஏற்றிருக்கமாட்டார்கள்.

ஹிஜ்ரி 256ல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'இன்னாரிடமிருந்து இன்னார்' என்று ஓர் அறிவிப்பு வந்தால், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது அவர்களுக்குப் போதவில்லை. இருவரும் சந்தித்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் இதில் மாறுபட்டு, சமகாலத்தவராயிருந்து சந்திக்க வாய்ப்பும் இருந்தால் போதும் என்றார்கள். இந்தக் கருத்து வேற்றுமையை நம் மதரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கிறார்கள். எதற்காக இத்தனை கண்டிப்பு? மாண்டவர் எழுந்து வந்து, 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று மறுக்க இயலாது. உயிருள்ளவர்மேல் நாம் ஏற்றிச் சொன்ன சொல்லை அவரே நாளை திருத்திவிடுவார். மாண்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகையால் அவருக்காக மறுக்கும் கடமை கேட்பவர்மேல் வந்து விழுகிறது. அவருடைய சொல் நம்மிடம் அமானத்தாக இருக்கிறது. அமானத்தைக் காப்பதில் நல்லெண்ணம் பாதிதான். கவனம் மற்றொரு பாதி. கவனமில்லாமல் தொலைத்தவனிடம், நீ திருடவில்லையே என்று உரியவன் ஆறுதல் கொள்வதில்லை.

இங்கே நம் பெரியவர்கள் சிலர் குறுக்கிட்டு, 'அது ஜின்னின் குரலாக இருக்கக்கூடாதா?' என்பார்கள். அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டிய தேவையே இல்லை. பேசுவது யாரென்றே தெரியாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று சொல்லி ஒதுக்கியது நம் மரபு. கம்பியில் கேட்கும் குரலை வானொலி என்பவரும் ஜின் என்பவரும் ஒரு முடிவில் சந்திக்கிறார்கள்: அதை மாண்டுபோன இன்னாரின் வாக்கு என்று எழுதிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

உரிமை இல்லாமல் எழுதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சில காட்சிகளைத் தருகிறது. வானொலி அலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான ஆங்கில விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜ், தம் மகன் ரேமண்டை 1915ல் போர்க்களத்தில் இழந்தார். ஆவியோடு பேசுவதாகச் சொன்னவர்களை நாடினார். அவர்கள் வழியாக மகன் சொன்னதாக வந்தவற்றை 1916ல் நூலாக்கினார். மறுவுலகில் சுருட்டும் விஸ்கியும்கூடச் செய்து தருகிறார்கள் என்று மகன் சொன்னதாக அதில் ஒரு பகுதி வருகிறது. உலகம் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இளம் வயதில் களத்தில் மாண்ட ஒரு பிள்ளை. அவன் உயிரோடிருந்து பேசிய சொற்கள் ஊராருக்குத் தெரியாது. அவன் சொல்லாத சொல்லுக்காக அவன் பெயர் நகைப்புக்கு ஆளாயிற்று. இதைச் செய்தவர் பகைவர் அல்லர். பெற்ற தந்தை, அளவிறந்த அன்பினால் செய்தார்.

முன்பின் அறியாதவர்கள் செய்வது இதனினும் கொடியது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஈஸ்டர்ன் ஸ்டேட் என்றொரு பழைய சிறைக்கூடம் உண்டு. 1829ல் திறந்து 1971ல் மூடப்பட்டது. கைதியைத் தனி அறையில் அடைத்து, பேச்சுக்கே இடமில்லாமல் செய்தால் அவன் மனம் வருந்தித் திருந்துவான் என்பது அதைக் கட்டியோரின் கொள்கை. 1842ல் அங்கே சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், அடைபட்டிருந்தவர்களை நேரில் கண்டு, அந்தத் தண்டனையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். இன்று அதே அறைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஆவி வேட்டையாளர்கள் வருகிறார்கள். 2004ல் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரும் அங்கே படம் பிடித்தது. வாழ்நாளில் பேச விடாமல் அடைக்கப்பட்ட மனிதர்களைப் பார்த்து, இப்போது பேசு என்கிறார்கள். நீதான் கொன்றாயா, ஏன் கொன்றாய் என்று இருட்டைக் கேட்கும் வேட்டையாளர்களும் உண்டு. இரைச்சலில் 'ஆம்' போன்ற ஓர் ஓசை கிடைத்தால் போதும். உயிருள்ள ஒருவர்மேல் அவ்வளவு மெல்லிய சான்றைக் கொண்டு கொலைப் பழி சுமத்தினால் அவதூறு வழக்குத் தொடரலாம். மாண்டவர்மேல் சுமத்தினால் அது மாலைப் பொழுதின் கேளிக்கை. மௌத்தாகிவிட்டவரைப் பற்றி நாவடக்கம் வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நம் போன்றோருக்கு இது கூசுகிறது.

ஆனால் நாம் மனச்சான்றோடு எதிர்கொள்ள வேண்டிய வாதம் இதுவன்று. பிள்ளையை இழந்த ஒரு தாய். ஒருவரையும் அவள் பழிக்கவில்லை, தொலைக்காட்சிக்கும் போகவில்லை. இரவில் கருவியை வைத்துக்கொண்டு, இரைச்சலுக்குள் 'உம்மா' என்று ஒரு சொல்லைக் கேட்கிறாள். அந்த ஒரு சொல்லால் மறுநாள் எழுந்து அடுப்பு மூட்ட அவளுக்குத் தெம்பு வருகிறது. அதையும் பறிப்பீர்களா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

அந்தத் தாயின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதற்கு நமக்கு மனம் வராது. பிடுங்கச் சொல்லவும் மாட்டோம். ஆறுதலின் கணக்கை மட்டும் அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம். 1936ல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலார், பொருளற்ற உயிரொலிகளை இசைத்தட்டில் மங்கலாக ஒலிக்கச் செய்து, என்ன கேட்கிறது என்று பலரைக் கேட்டார். ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டார்கள். ஆகவே அந்தத் தாய் இன்று 'உம்மா' என்பதைக் கேட்கிறாள். அவள் நெஞ்சில் ஒரு குற்ற உணர்வும் கிடக்குமானால், முன்னதாகவே மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாமே என்ற ஒரு முள் கிடக்குமானால், நாளை அதே இரைச்சல் 'ஏன் விட்டாய்?' என்று கேட்கும். அதையும் பிள்ளையின் வாக்கென்றுதான் அவள் நம்ப வேண்டியிருக்கும். முதற் சொல்லை ஏற்றவளுக்கு இரண்டாவதைத் தள்ள வழியில்லை. பிள்ளை ஒருபோதும் சொல்லியிராத அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவளை விடுவிக்கப் பிள்ளையால் இயலாது.

இன்னொன்றும் உண்டு. உயிரோடிருந்த பிள்ளை எப்போதும் உம்மா விரும்பியதையே பேசவில்லை. முரண்டு பிடித்தான், கோபித்தான், எதிர்பாராததைச் சொல்லிச் சிரிக்கவைத்தான். அவன் வேறொரு ஆள் என்பதற்கு அதுவே அடையாளம். இரைச்சலில் கேட்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு இல்லை. நாளாக நாளாக, அவன் மெய்யாகச் சொன்ன சொற்கள் மங்கி, இவள் கேட்ட சொற்கள் அந்த இடத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும். அப்போது அவனை இரண்டாம் முறை இழக்கிறாள். இம்முறை அவளுக்குத் தெரியாமலே.

நாம் மையவாடிக்குப் போகிறோம். கபுறில் இருப்போருக்குச் சலாம் சொல்கிறோம்; துஆ ஓதுகிறோம். அவர்கள் அதைக் கேட்கிறார்களா, எவ்வாறு கேட்கிறார்கள் என்பதில் ஆலிம்களிடையே நெடிய ஆராய்ச்சி உண்டு. ஆனால் எந்தத் தரப்பாரும், பதில் சலாத்தைப் பிடிக்க மீஸான் கல்லருகே மைக்கை நட்டுவைத்ததில்லை. இரு உலகங்களுக்கும் இடையே பர்ஸக் என்னும் திரை உண்டென்று நம்புவோர், இப்பாலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பதில் வராத பேச்சு அது. அதைச் சொல்லிவிட்டு வரும் ஒருவர், வெறுங்கையோடு வந்ததாக நினைப்பதில்லை.

மாண்டவரின் மெய்யான குரலும் நம் வீடுகளில் இல்லாமலில்லை. கடிதம் எழுதத் தெரியாத உம்மாவுக்கும் மனைவிக்கும், வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் இவர்கள் பேசி அனுப்புவார்கள். அவற்றுள் சில இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. பேசியவர்கள் பலர் இன்று இல்லை. ஓடவிட்டால் ஏர் கண்டிஷனரின் உறுமல், இடையில் ஓர் இருமல், பணம் வந்து சேர்ந்ததா, இன்னாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்ற விசாரணை. பெரும்பாலும் அவ்வளவுதான். நாம் கேட்கும் கேள்வி எதற்கும் அது விடை சொல்லாது. நமக்கு இன்று தேவையான ஆறுதலை அறிந்து பேசாது. பேசிய நாளில் பேசியதையே பேசும். அந்தப் பிடிவாதத்தினால்தான் அது அவர் குரல்.

அந்தக் கேசட்டுக்கும் இப்போது புதியதோர் ஆசை வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் அமேசான் நிறுவனம், தன் அலெக்சா கருவி மறைந்த பாட்டியின் குரலில் பேரனுக்குக் கதை படித்துக் காட்டுவதை ஒரு மாநாட்டில் செய்து காட்டியது. சிறிதளவு ஒலிப்பதிவு இருந்தால் போதும்; எந்தச் சொல்லையும் அந்தக் குரலில் சொல்லவைக்க இயலும். யூர்கன்சனும் ரவுடிவேயும் இரைச்சலோடு ஆண்டுக்கணக்காக மல்லாடிப் பெற்ற அரைச் சொற்களைக் காட்டிலும் இது எத்தனையோ தெளிவு. கருவி மாறிற்று; கேள்வி மாறவில்லை. பாட்டி சொல்லாததைப் பாட்டி குரலில் கேட்கும் பேரன், பெரியவனான பின், எது அவர் சொன்னது, எது இயந்திரம் சொன்னது என்று எப்படிப் பிரித்தறிவான்? சொத்துப் பங்கீட்டில் சகோதரர்கள் மனத்தாங்கலாய் நிற்கும் ஒரு வீட்டில், வாப்பாவின் குரலில் ஒரு வஸிய்யத் ஒலித்தால், அதற்குச் சாட்சி யார்? இமாம்கள் கேட்ட அதே கேள்வியை, யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்பதை, நம் பிள்ளைகள் இனி வீட்டுக் கூடத்திலேயே கேட்டாக வேண்டிவரும்.

ரவுடிவே 1974ல் காலமானார். 1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்துறையில் ஈடுபட்டிருந்த சிலர், அவரே தங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியதாக அறிவித்தார்கள், பதிவுகளையும் வெளியிட்டார்கள். அழைத்தது அவர்தானா என்று அவரைக் கேட்க எவராலும் இயலவில்லை. இரைச்சலுக்குக் காது கொடுப்பதற்கு நெடுங்காலம் முன்பு, 1930களில், தம் நாட்டில் இருந்தபோது, செர்வாண்டிஸின் டான் குவிக்ஸாட்டை அவர் லாட்விய மொழியில் பெயர்த்தார். அந்தப் பக்கங்களில் உள்ளவை அவர் அமர்ந்து தேர்ந்தெடுத்த சொற்கள்.